தோட்டத்து வாயும் பட்டணத்து நிதியும்

1993, 94ஆம் ஆண்டுகளில் மலேசியா முழுவதும் 25 வயதும் அதற்கு மேலும் ஆன 11,697 பேரின் வாயைப் பல் மருத்துவர்கள் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்பகுதி, ஈறு, அண்ணம் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துக் குறித்த நாடளாவிய ஆய்வு அது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரோஸ்னா முகமது ஜெய்னும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய படலமோ திட்டோ மொத்தத்தில் நூற்றுக்கு 1.4 பேரிடம் காணப்பட்டது. இனவாரியாகப் பார்த்தால் சீனர்களிடம் 0.5 விழுக்காடு, சபா, சரவாக் பூர்வகுடிகளிடம் 2.5 விழுக்காடு, இந்தியர்களிடம் 4 விழுக்காடு. இது புதிதாகத் தெரியவந்த செய்தியும் இல்லை. ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா தென்கிழக்காசிய நாடுகளின் வாய்ப் புற்றுநோய் பற்றி 1966இல் எழுதிய கட்டுரையிலேயே வெற்றிலையும் புகையிலையும் முன்னுக்கு நின்றன. 1970களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்திலிருந்து கே. ராமநாதன், தீபகற்ப மலேசியாவின் வாய்ப் புற்றுநோயாளிகளில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவு பெரிது என்று காட்டினார். சுகாதார அமைச்சு 1997இல் வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆபத்து அதிகமுள்ள சமூகங்கள் என்று அடையாளம் கண்டவற்றில் தோட்டத்து இந்தியர்கள் இருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டம் வாய்ப் புற்றுநோய் ஆய்வுத் துறைக்குத் தரவு கொடுத்துவருகிறது. அந்தத் தரவை எடுத்து ஆராயும் ஆளாகத் தோட்டத்துப் பிள்ளை வருவதற்கு நம்முடைய கல்வி உதவிகளும் ஆய்வு நிதிகளும் வழிவிடுகின்றனவா என்பதே இங்கே கேள்வி. வழிவிடவில்லை என்பது என் முடிவு. பணம் இல்லாதது அதற்குக் காரணமன்று. இருக்கிற பணம் வந்து சேரும் வேளையும் இடமும் தவறியிருக்கின்றன.

நெகிரி செம்பிலானை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் இந்தியர் விழுக்காடு அதிகமுள்ள மாநிலங்களுள் அது ஒன்று. ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ், கெமாஸ் என்று கித்தாத் தோட்டங்கள் சூழ வளர்ந்த ஊர்கள் அங்கே நிறைய. லின்சம், பிராட்வால், ஆத்தர்டன், கெர்பி, கெடிஸ் என்ற தோட்டப் பெயர்களை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, தோட்டத்து மக்கள் சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் ஓரத்து மலிவு வீடுகளுக்குக் குடிபோனார்கள். முகவரி மாறியது. வெற்றிலைப் பெட்டியும் கூடவே வண்டி ஏறியது.

வெற்றிலை போடுகிறவரின் வாயில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பின்னால் சொல்லப்போகும் நிதிக் கணக்கெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது. காம்பு கிள்ளிய வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, வெட்டிய கொட்டைப்பாக்கும் ஒரு கிள்ளு புகையிலையும் வைத்து மடித்துக் கடைவாயில் அடக்குகிறார்கள். மணிக்கணக்கில் அது ஒரே பக்கத்துக் கன்னத்தில் கிடக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். துடைத்தால் போகாது, வலிக்காது. வலிக்காததால் யாரிடமும் காட்டத் தோன்றாது. சிலருக்குப் பாக்கின் வேலையால் கன்னத்துச் சதை நாராக இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்க முடியாமல் போகும். காரம் பட்டால் எரியும். சோற்றைப் பிசைந்து உருட்டி உள்ளே தள்ள வேண்டியிருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என்று 1985இலும், புகையிலை சேராத வெற்றிலையும் தனிப் பாக்கும் அப்படியே என்று 2004இல் வெளியிட்ட தொகுதியிலும் அறிவித்தது. ஆனால் சீமந்தத்திலும் கல்யாணத்திலும் தாம்பூலமாகக் கைமாறுகிற ஒன்றை நச்சு என்று ஒரு பாட்டியிடம் சொல்வதற்கு அறிக்கை போதாது. அவர் எப்போது தொடங்கினார், எந்தப் பக்கம் அடக்குகிறார், இரவு படுக்கும்போதும் வாயில் வைத்திருக்கிறாரா, பால்வெட்டு வேலையில் பசி தெரியாமலிருக்கப் போட்டதா, துணைக்குப் போட்டதா என்பதெல்லாம் கேட்கும் மொழியையும் கேட்கும் முகத்தையும் பொறுத்துத்தான் பதிலாக வரும். பி.எஸ். தான், கே.எச். இங், ஆர். ஏசா மூவரும் தோட்டத்து இந்தியர்களின் வாய்ப் புற்றுநோய் குறித்த நம்பிக்கைகளை ஆராய்ந்து 2001இல் கட்டுரை வெளியிட்டார்கள். நோயை அறிய, நோய் பற்றி அந்த மக்கள் என்ன எண்ணுகிறார்கள் என்பதையும் அறியவேண்டும் என்று அத்துறையே ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று.

இனி உதவிநிதிகளைப் பார்ப்போம். மலேசியாவில் பல் மருத்துவம் படிக்கும் மாணவருக்குப் பொதுச் சேவைத் துறை என்னும் ஜேபிஏவின் உபகாரச் சம்பளம் இருக்கிறது. 1997இல் தொடங்கிய பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கிறது. மாராவின் உதவி பூமிபுத்ராக்களுக்கு உரியது. இந்தியச் சமூகத்துக்குள் ம.இ.காவின் கல்விக் கரமாக 1984இல் அமைந்த எம்.ஐ.இ.டி. கடனுதவி தருகிறது, கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை நிறுவியதும் அதுவே, அங்கே பல் மருத்துவப் புலமும் உண்டு. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர் பிள்ளைகளுக்கு ஊக்கநிதி வழங்குகிறது. அரசின் இந்தியச் சமூக உருமாற்றப் பிரிவான மித்ரா, பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்து இந்திய மாணவர்களுக்கு ஒருமுறை உதவியாக 2,000 ரிங்கிட் தந்திருக்கிறது. பெயர்ப்பட்டியல் நீளமானதுதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழக வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இடம் வாங்கிவிட்டவரைப் பார்த்துக் கை நீட்டுகிறவை. வாசல்வரை வந்து சேரும் வழிச்செலவை அவை கணக்கில் எடுப்பதில்லை.

அந்த வழி எவ்வளவு நீளம்? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லையென்றால் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பு என்று கூடுதலாக ஓராண்டு. படிவம் 4இல் அறிவியல் பாடங்கள். படிவம் 5 முடிவில் எஸ்பிஎம் தேர்வில் வேதியியல், உயிரியல், இயற்பியல், கணிதம் எல்லாவற்றிலும் உயர்ந்த தேர்ச்சி. பிறகு பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்டிபிஎம். மெட்ரிகுலேஷனில் 10 விழுக்காடு இடங்கள்தான் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு என்ற ஒதுக்கீடு. எஸ்பிஎம்மில் பத்து ஏ எடுத்த எல்லா மாணவருக்கும் இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று 2024இல் வந்த அறிவிப்பு அதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. எஸ்டிபிஎம் வழியோ ஒன்றரை ஆண்டுக் கடும் உழைப்பு. இத்தனையும் கடந்தவரைத்தான் பல் மருத்துவப் புலம் நேர்காணலுக்குக் கூப்பிடுகிறது. தோட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் எங்கே விழுகிறது? படிவம் 4க்கும் மெட்ரிகுலேஷனுக்கும் நடுவே. டியூஷன் சிரம்பானில், பேருந்து மாலையோடு நின்றுபோகும், ஆய்வகப் பாடத்தில் ஐயம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அந்த வயதில் மாதம் இருநூறு, முந்நூறு ரிங்கிட்டும் ஓர் ஆசிரியரும் கிடைத்தால் கரையேறும் பிள்ளைக்கு, ஐந்தாண்டு கழித்து எட்ட முடியாத இடத்தில் ஒரு முழு உபகாரச் சம்பளம் காத்திருந்து என்ன பயன்? 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இந்த இடைவெளியில் நின்றுதான் வேலை செய்தது. ஏழைத் தொழிலாளர் பிள்ளைகள் தேர்வுகளைத் தாண்டிப் பல்கலைக்கழகம் போனார்கள். அங்கே செலவானது உபகாரச் சம்பளப் பணம் அன்று. வகுப்பறை வாடகையும் தொண்டர்களின் ஞாயிற்றுக்கிழமைகளும்.

வாசலுக்கு முன்னும் பின்னும் பணம் எப்படிச் சேர வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தெளிவான உதாரணம் கிடைக்கிறது. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவம், பல் மருத்துவம் பக்கம் அநேகமாகக் காணாமல் போனார்கள். நீதிபதி பி. கலையரசன் குழு அவர்களுக்கு 10 விழுக்காடு உள்ஒதுக்கீடு பரிந்துரைத்தது, 2020இல் 7.5 விழுக்காடு சட்டமாயிற்று. முதலாண்டிலேயே எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டிலும் சேர்த்து நானூறு இடங்களை ஒட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. கலந்தாய்வில் தனியார் கல்லூரி இடம் வந்தபோது சில மாணவர்கள் கட்டணத்தைக் கேட்டுவிட்டு இடத்தையே விட்டுக்கொடுத்துத் திரும்பினார்கள். செய்தி வெளியான பிறகு, கல்விக்கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். சட்டம் திறந்த கதவைக் கட்டணம் ஒரே நாளில் அடைக்கப் பார்த்தது. இடமும் பணமும் ஒருசேர வந்தால்தான் இரண்டுக்கும் பொருள் உண்டு. மலேசியாவில் இவை வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து, வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு விண்ணப்பங்களின் வழியாக வருகின்றன.

தனியார் கல்லூரியில் ஐந்தாண்டுப் பல் மருத்துவக் கட்டணம் மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். அதில் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் மூன்று லட்சத்துக்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு ஆகும். அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் மிகக் குறைவு; ஆனால் பல் மருத்துவப் படிப்பில் கட்டண ரசீதில் தெரியாத செலவுகள் பல. பயிற்சிக்காகப் பிடுங்கிய பற்களைத் தேடிச் சேர்க்க வேண்டும், சில கருவிகளைச் சொந்தமாக வாங்க வேண்டும். கடைசி ஆண்டுகளில் பல்செட்டு, வேர்ச் சிகிச்சை, ஈறுச் சிகிச்சை என்று குறிப்பிட்ட எண்ணிக்கையை முடிக்கப் பொருத்தமான நோயாளிகளை மாணவரே தேடிப்பிடித்துக் கூட்டிவரும் வழக்கம் உண்டு. அவர்களுக்குப் பயணப்பணம், சில நேரம் சிகிச்சைக் கட்டணம்கூட மாணவர் கையிலிருந்து போகும். நகரத்தில் உறவும் நட்பும் உள்ள மாணவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் முடிவது, பகாவிலிருந்து வந்த பிள்ளைக்கு மாதக்கணக்கில் இழுக்கும். உதவிநிதியின் தொகையை நிர்ணயிக்கும் குழுவில் இந்தப் படிப்பைப் படித்தவர் ஒருவராவது இருந்தால் இந்தச் செலவு வரவுசெலவில் ஏறியிருக்கும். பல உதவித் திட்டங்கள் கேட்கும் ஜாமீன்தாரரும் இப்படித்தான். நிலையான வருமானமுள்ள இருவர் கையொப்பம் என்ற ஒரு வரி, உறவில் அரசு ஊழியரே இல்லாத குடும்பத்துக்கு ஒரு சுவர்.

ஆய்வு நிதி வேறொரு தடத்தில் ஓடுகிறது. உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு நிதித் திட்டம், சுகாதார அமைச்சின் ஆய்வு நிதி, பல்கலைக்கழகங்களின் சொந்த ஒதுக்கீடு, வெளிநாட்டு நிறுவனங்களின் நிதி ஆகியவை இதில் அடங்கும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒருங்கிணைப்பு மையமும், கேன்சர் ரிசர்ச் மலேசியா அறநிறுவனத்தில் சியோங் சோக் சிங் தலைமையிலான குழுவும் இந்த நிதிகளைக் கொண்டு உலகத் தரத்தில் வேலை செய்திருக்கிறார்கள். நோயாளிகளின் தகவலும் திசுவும் சேர்த்த தேசியக் களஞ்சியம் உருவாகியிருக்கிறது. கைப்பேசியில் வாயைப் படமெடுத்துத் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் மெமோசா என்ற செயலியும் வந்திருக்கிறது. இவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். நான் சொல்வது நிதியின் விதிகளைப் பற்றி. முதன்மை ஆய்வாளர் பல்கலைக்கழகப் பணியில் இருப்பவர். ஆய்வு உதவியாளராகச் சம்பளம் பெறுபவர் முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவர். சிறப்பு மருத்துவராக விரும்பும் அரசுப் பல் மருத்துவருக்குக் கூட்டரசுப் பயிற்சிப் பரிசு உண்டு. இந்த ஏணியின் முதல் படியே பட்டப்படிப்புக்கு மேலேதான் தொடங்குகிறது. கீழே நிற்கும் தோட்டம் ஆய்வில் எண்ணாக, மாதிரியாக, திசுத் துண்டாக இடம்பெறுகிறது. ஆளாக இடம்பெற விதி இல்லை.

விதியை மாற்றுவது ஆய்வின் தரத்தைக் குறைக்கும் என்று ஒரு கருத்து உண்டு. நிதிக் குழுக்களில் அது வலிமையானது. நிதி என்பது அறிவைத் தேட, ஏழைகளைக் கைதூக்க வேறு துறை இருக்கிறது என்பார்கள். வாய்ப் புற்றுநோய் ஆய்வின் வரலாறே இதற்கு மறுமொழி தருகிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் ரங்கசாமி சங்கரநாராயணன் குழு நடத்திய பரிசோதனையில் பதின்மூன்று ஊர்த் தொகுதிகளில் 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,90,000 பேர் சேர்ந்தார்கள். ஏறத்தாழப் பாதித் தொகுதிகளில் மூன்றாண்டுக்கு ஒருமுறை வாயைப் பார்த்தார்கள். மீதியில் வழக்கமான சிகிச்சை. 2005இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. மொத்த மக்களை எடுத்துக்கொண்டால் வேறுபாடு அவ்வளவு உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. ஆகவே யாரைத் தேடிப்போக வேண்டும் என்பதையும் அந்த ஆய்வே சொல்லிவிட்டது. வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தவர்கள் பல் மருத்துவர்கள் அல்லர். மருத்துவம் படிக்காத பட்டதாரிகள், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அவர்கள் இல்லாமல் அந்த அறிவு பிறந்திருக்காது.

இலங்கையில் இன்னும் முன்னரே இது தெரிந்தது. சமன் வர்ணகுலசூரியவும் உடன் ஆய்வாளர்களும் 1984இல் உலகச் சுகாதார நிறுவன இதழில் எழுதியதன்படி, 34 ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் ஓராண்டில் 28,000க்கும் மேற்பட்ட கிராமத்து மக்களின் வாயைச் சோதித்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களைக் கண்டுபிடிக்கும் திறன் அவர்களுக்கு நன்றாகவே அமைந்தது. குறை வேறிடத்தில் இருந்தது. மருத்துவமனைக்குப் போகச் சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் போனார்கள். இந்த ஒரு செய்தியை நெகிரி செம்பிலானுக்குக் கொண்டுவந்து யோசித்துப் பாருங்கள். கன்னத்தில் வெண்படலம் உள்ள ஒரு பாட்டியைச் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். போகும் நாளில் பேரனைப் பள்ளிக்கு அனுப்புவது யார், வண்டி யாருடையது, ஊசி போட்டுச் சதை எடுப்பார்கள் என்ற பயத்தை யார் பேசித் தீர்ப்பது? அந்த ஊரில் பிறந்து, அந்தப் பாட்டியை முறை சொல்லிக் கூப்பிடும் ஒரு பயிற்சி பெற்ற ஆள் இருந்தால் ஆய்வின் விடுபாடு குறையும். விடுபாடு குறைந்த ஆய்வு நல்ல ஆய்வு. சமூகத்திலிருந்து ஆள் எடுப்பது நிதியின்மேல் ஏற்றிய தரும காரியம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பல் மருத்துவர்கள் ஏற்கெனவே மிகுதி, இனி எதற்கு உபகாரச் சம்பளம் என்ற கேள்வியும் எழுகிறது. ஆறு அரசுப் பல்கலைக்கழகங்கள், ஏழு தனியார் நிறுவனங்கள் என்று பதின்மூன்று இடங்களில் பல் மருத்துவம் கற்பிக்கப்பட்டது. 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்களைப் போலவே பல் மருத்துவர்களும் ஒப்பந்த அடிப்படையில்தான் பணியமர்த்தப்படுகிறார்கள். நிரந்தர வேலை இல்லை என்ற கவலை நியாயமானது. ஆனால் மிகுதி என்பது நாட்டுக் கணக்கு. தோட்டத்துக் கணக்கு வேறு. தனியார் பல் மருத்துவமனைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரே தெருவில் மூன்று நான்கு நிற்கின்றன. ரொம்பினில், கெமென்சேயில் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1970களிலிருந்து தேசியச் சுகாதாரச் சேவைப் படை என்ற திட்டம் பல் மருத்துவ மாணவரின் கட்டணத்தை முழுதாக ஏற்று, அதற்கு ஈடாக மருத்துவர் இல்லாத பகுதியில் பணிசெய்யச் சொல்கிறது. அங்கும் நாடளவில் பல் மருத்துவர் பஞ்சம் என்பதற்காக அதைத் தொடங்கவில்லை; இருக்கிறவர்கள் போகாத இடங்களுக்காகவே தொடங்கினார்கள். நம் நாட்டு உபகாரச் சம்பள ஒப்பந்தமும் அரசுப் பணியைக் கேட்கிறது. எந்த ஊருக்கு என்று கேட்பதில்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்கக் கூடுதல் பணம் தேவையில்லை.

மருத்துவர் பட்டம் ஒன்றே வழி என்று எண்ணுவதும் நம்முடைய பழைய பிழை. பினாங்கில் 1949இல் நியூசிலாந்து முறையைப் பின்பற்றிப் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. இன்று பல் சிகிச்சையாளர் எனப்படும் அந்தப் பெண்கள்தாம் தமிழ்ப்பள்ளி, மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி என்று பாராமல் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பல்லைக் காத்தவர்கள். எஸ்பிஎம் முடித்தவர் சேரலாம். பயிற்சிக் காலத்தில் படிப்பணமும் உண்டு. 2022 சனவரியில் நடப்புக்கு வந்த 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் அவர்களுக்குத் தனியார் துறையிலும் கதவைத் திறந்திருக்கிறது. ஆனால் கல்விக் கண்காட்சிகளில் சமூக நிதி நிறுவனங்கள் மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் என்ற மூன்றைத்தான் உரக்கச் சொல்கின்றன. பத்து ஏ எடுக்காத, ஆனால் கையில் நிதானமும் வாயில் இனிமையும் உள்ள ஒரு தோட்டத்துப் பெண் மூன்றாண்டில் சம்பளம் வாங்கும் சிகிச்சையாளராகி, வாய்ச் சோதனைக் குழுவின் முதுகெலும்பாக நிற்கலாம் என்பதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒரு பல் மருத்துவருக்கான உதவித்தொகையில் இப்படிப்பட்ட பலரை வழிநடத்திவிடலாம்.

பல் மருத்துவம் படிக்கும்போதே ஆய்வுக்கு இழுப்பதற்கு இந்தியாவில் ஓர் எளிய வழி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் 1979 முதல் இளநிலை மருத்துவ மாணவர்களுக்குக் குறுங்கால ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. பல் மருத்துவ மாணவர்களும் அதில் சேருகிறார்கள். இரண்டு மாதம், ஒரு வழிகாட்டி, ஒரு சிறு கேள்வி, முடிவில் ஓர் அறிக்கை. தொகை சிறிது, அதைப் பெற்றவர் தன்னை ஆய்வாளராக நினைத்துப் பார்க்கத் தொடங்குவதுதான் பெரிது. மலேசியப் பல் மருத்துவப் பாடத்திட்டத்திலும் மாணவர் ஆய்வு உண்டு. பெரும்பாலும் வளாகத்துக்குள்ளேயே, வினாத்தாள் கொடுத்து முடிகிற அளவில். இதற்குப் பதில், விடுமுறையில் எட்டு வாரம் ரந்தாவிலோ பகாவிலோ தங்கி ஐம்பது குடும்பங்களின் வெற்றிலைப் பழக்கத்தையும் வாயையும் பதிவுசெய்யும் ஒரு மாணவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் மோட்டார்சைக்கிள் எண்ணெயும் தரும் நிதி எத்தனை ரிங்கிட் ஆகிவிடும்? தமிழ் தெரியாத மாணவரும் வரட்டும். கூடவே ஊர்ப்பிள்ளை ஒருவர், படிவம் 5 முடித்து எஸ்டிபிஎம்முக்குக் காத்திருப்பவர், மொழிபெயர்ப்பாளராகச் சம்பளத்துக்கு இருக்கட்டும். அந்தப் பிள்ளை பல் மருத்துவம் என்றால் என்ன என்பதை முதன்முதலாக அங்கேதான் பார்க்கும்.

தோட்டமே இல்லாமல் போகும்போது தோட்டத்துக்கு என்று நிதி எதற்கு என்பவர்களுக்கு நான் உடன்படும் பகுதி ஒன்று உண்டு. லயத்தில் இன்று இருப்பவர்கள் பலர் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேபாளியர். அவர்களிலும் வெற்றிலையோ பொட்டலப் புகையிலையோ போடுபவர்கள் இருக்கிறார்கள்; சோதனைக் குழு அவர்களுடைய வாயையும் பார்க்க வேண்டும். அதனால் நிதியின் தகுதியை இனத்தின்மேல் வைக்காமல் குடும்ப வருமானத்தின்மேலும், பெற்றோரோ தாத்தா பாட்டியோ தோட்டத் தொழிலாளராக இருந்தார்கள் என்ற வரலாற்றின்மேலும், படிக்கும் பள்ளியின்மேலும் வைப்பதே சரி என்று கருதுகிறேன். இடம்பெயர்ந்தவர்களைத் தேடுவது கடினம் என்பதும் உண்மை. ஆனால் பள்ளி ஒரு நல்ல அடையாளம். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட இடத்திலும் தோட்டப் பெயருடன் நிற்கும் தமிழ்ப்பள்ளிக்கு, பழைய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். பள்ளிப் பதிவேட்டைத் திறந்தால் அந்தக் குடும்பங்களின் இன்றைய முகவரி கிடைத்துவிடும்.

தகுதிக்குத்தான் உதவி, தேவைக்கு அன்று என்ற கொள்கையைப் பற்றி நீண்ட வாதம் வேண்டாம். ஆய்வகமே ஒழுங்காக இல்லாத பள்ளியில் படித்து ஏ வாங்கிய பிள்ளையின் தகுதியும், டியூஷன் மூன்று வைத்து ஏ வாங்கிய பிள்ளையின் தகுதியும் தாளில் ஒன்றாகத் தெரிகின்றன. அடுத்த ஐந்தாண்டு உழைப்பை எது தாங்கும் என்பதைத் தாள் சொல்லாது.

பணம் எங்கிருந்து என்று கேட்டால், தோட்டத்து மக்களே ஒரு காலத்தில் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது, துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து ரிங்கிட்டாக நூறு ரிங்கிட் பங்கு சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார். பால்வெட்டுத் தொழிலாளியின் பத்து ரிங்கிட்டில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நிலம் வாங்கிய சமூகம் ஒரு சிறு ஆய்வு நிதியை நடத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. கூட்டுறவுச் சங்கமும் மித்ராவும் மாநிலச் சுகாதாரத் துறையும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்தால், படிவம் 4 முதல் மெட்ரிகுலேஷன் வரை மாத உதவி பெறும் இருபது பிள்ளைகள், பல் சிகிச்சையாளர் பயிற்சிக்கு வழிகாட்டப்படும் பத்துப் பேர், விடுமுறைக் கள ஆய்வுக்கு ஆறு மாணவர்கள் என்று தொடங்கிவிடலாம். தொடர்ந்து பத்தாண்டு அதே ஊர்களில், அதே குடும்பங்களைப் பார்க்கும் நிபந்தனை மட்டும் விலகக்கூடாது. ஒருமுறை முகாம் வைத்துப் படமெடுத்துவிட்டுப் போகும் பணம், வெண்படலத்துக்குப் பயன்படாது. வெண்படலத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

1993இல் தன் வாயைத் திறந்து காட்டிய 25 வயது இளைஞருக்கு இன்று 57 தாண்டியிருக்கும். வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் கண்டறியப்படும் வயதுக்கு அவர் வந்துவிட்டார். அந்த ஆய்வில் சேராத அவருடைய அண்டை வீட்டாரும், ஒரே வெற்றிலைப் பெட்டியைப் பகிர்ந்துகொண்ட அவருடைய அக்காவும் அதே வயதை ஒட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் இந்த ஆண்டு படிவம் 4இல் எந்தப் பாடங்களை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.